பின்னால் போகும் புகை

கார் வைத்திருப்பவர்கள் மைலேஜைப் பற்றிப் பேசும்போது கவனித்திருக்கிறீர்களா? தங்கள் பிள்ளை வாங்கிய மார்க்கைச் சொல்லும் அதே குரலில்தான் சொல்வார்கள்; அதைப் போலவே சற்றுக் கூட்டியும் சொல்வார்கள். “நம்ம வண்டி இருபதுக்குக் குறைஞ்சதே இல்லை, சார்” என்கிறவரிடம், எப்படிக் கணக்குப் பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. பேச்சு உடனே மழைக்கும் அரசியலுக்கும் போய்விடும்.

டீசல் கார்க்காரர்களிடம் இந்தப் பெருமை ஒரு பங்கு அதிகம். அதில் நியாயமும் உண்டு. டீசல் எஞ்சின் சிக்கனத்துக்கென்றே பிறந்தது. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரத்துத் தொழிற்சாலையில் ஓட்டிக் காட்டிய எஞ்சின், எரிபொருளில் இருந்த சக்தியில் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக மாற்றியது. அந்நாளில் சாதாரண நீராவி எஞ்சின் பத்துப் பங்கைத் தாண்டினாலே பெரிது. வீணாவதைக் கண்டு மனம் பொறுக்காத ஒரு மனிதர் செய்த இயந்திரம் என்று அதைச் சொல்லலாம்.

அந்த எஞ்சின் ஒரு நாள் கெடுகிறது. கெட்டுவிட்டதை அது இரண்டு விதமாகத் தெரிவிக்கும். டாங்க் சீக்கிரம் காலியாகும். பின்னால் புகை கிளம்பும். பெரும்பாலும் இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான். சரியாக எரியாத டீசல் வீணாகிறது. அதே டீசல்தான் கரியாக வெளியே வருகிறது. ஆனால் இந்த இரண்டு செய்திகளும் ஒரே வீட்டுக்குப் போவதில்லை. முதல் செய்தி வண்டிக்காரரின் சட்டைப் பையைத் தேடி வருகிறது. இரண்டாவது, பின்னால் ஸ்கூட்டரில் வருகிற யாரோ ஒருவரின் மூக்குக்குப் போய்ச் சேருகிறது. புகைக் குழாய் காரின் பின்புறத்தில், ஓட்டுகிறவர் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. வேறு எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் அது இருக்கிற உயரம், ரோட்டோரமாக நடந்து போகும் சின்னக் குழந்தையின் முகத்துக்கு வெகு தூரமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

நமக்கு நஷ்டம் எதுவும் தராமல் பிறருக்கு மட்டும் கேடு தருகிற ஒரு பழுதை, நாம் பழுது என்று ஒப்புக்கொள்வோமா? இந்தக் கேள்வி சில மாதங்களாக என்னை விடாமல் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. அதைக் கிளப்பிவிட்டவர் திருச்சியில் இருக்கும் என் நண்பர் ஒருவர்.

அவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணக்கில் புலி. 2013-ல் வாங்கிய டீசல் காரை இன்றைக்கும் தாமே ஓட்டுகிறார். வண்டிக்குள் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் இருக்கிறது. டாங்க்கை நிரப்பியதும் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்வார். மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்த்து வகுத்து எழுதுவார். மைலேஜை அறிய இதைவிட நேர்மையான வழி கிடையாது. நோட்டுப்படி, லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்து வந்த வண்டி 16, 15 என்று இறங்கி, கடைசியில் 13-க்கு வந்து நின்றது. அவர் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர். 56 லிட்டரில் முடிந்த ஓட்டம் இப்போது 77 லிட்டர் கேட்டது. மீதி 21 லிட்டர் எங்கே போயிற்று?

எங்கே போயிற்று என்பது அவருடைய மைத்துனருக்குத் தெரிந்திருந்தது. குடும்பத்தோடு இரண்டு கார்களில் ஏற்காட்டுக்குப் போனபோது, மலைப் பாதையில் இவருக்குப் பின்னாலேயே வந்தவர் அவர்தான். மேலே போய் இறங்கியதும், “அத்தான், உங்க வண்டிக்குப் பின்னால வரவே முடியலை. கண்ணெல்லாம் எரியுது. ஒவ்வொரு வளைவிலேயும் கறுப்பாக் கக்குது” என்றார். நண்பர் திரும்பிப் பார்த்தார். நின்றுகொண்டிருந்த வண்டியில் புகை எதுவும் இல்லை.

“எப்போலேர்ந்து இப்படி?”

“போன தீபாவளிக்கே சொன்னேனே, அத்தான்.”

தீபாவளிக்குச் சொன்னது காதில் விழவில்லை. நோட்டுப் புத்தகத்தில் 13 என்ற எண் விழுந்த பிறகுதான் வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போயிற்று. நண்பரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை; அவர் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். நம்மில் எத்தனை பேர் பின்னால் வந்தவர் சொன்ன சொல்லைக் கேட்டு வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பியிருக்கிறோம்?

புகையைப் பார்த்து நோயைச் சொல்வது, நாடி பிடித்துப் பார்ப்பது போன்ற ஒரு வித்தை. டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப் போலத் தீப்பொறி வைக்கும் ஏற்பாடு இல்லை. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, இறுக்கி, அந்த இறுக்கத்தில் பிறக்கும் சூட்டில் டீசலைப் பீய்ச்சுகிறார்கள். அது தானாகப் பற்றிக்கொள்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பீய்ச்சும் டீசலின் அளவு கூடும். எரிக்கப் போதிய காற்று இருந்தால் வம்பில்லை. காற்று குறைந்தாலும், அல்லது நுண்ணிய தூறலாக விழ வேண்டிய டீசல் சொட்டுச் சொட்டாக விழுந்தாலும், எரிய வழியில்லாத பகுதி கரியாகி வெளியே வரும். அதுதான் கறுப்புப் புகை. மலை ஏறும்போதும், முந்திச் செல்லும்போதும் அதிகமாகத் தெரியும். நீலம் பாய்ந்த புகை வந்தால் உள்ளே எரிவது எஞ்சின் ஆயில். பிஸ்டன் ரிங்கோ, வால்வு கைடோ, டர்போவின் சீலோ தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். வெள்ளைப் புகையில் இரண்டு ஜாதி. கண்ணைக் கரிக்கும் நெடியோடு வந்தால் எரியாமலே ஆவியாகிப் போகிற டீசல். விடாமல் ஆவி ஆவியாக வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால், ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் உள்ளே புகுகிறது. மார்கழிக் காலையில் ஒரு நிமிஷம் தோன்றி மறைகிற வெள்ளை ஆவிக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. அந்த நேரத்தில் நம் வாயிலிருந்தும் அதுதான் வருகிறது.

புகையே இல்லாமல் மைலேஜ் மட்டும் குறைவதும் உண்டு. டயரில் காற்றுக் குறைவு, விடாமல் உரசிக்கொண்டிருக்கும் பிரேக், திறந்த வாய் மூடாமல் சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட் என்று காரணம் பல. தெர்மோஸ்டாட் சிக்கினால் எஞ்சின் சூடேறவே ஏறாது. வண்டியின் கம்ப்யூட்டரும், இன்னும் குளிராக இருக்கிறதே என்று டீசலைக் கூடக் கூட விட்டுக்கொண்டிருக்கும்.

நண்பர் முதலில் போனது பளபளப்பான ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்கு. ஸ்கேனரை மாட்டினார்கள், பத்து நிமிஷத்தில் தீர்ப்பு வந்தது. நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்ற வேண்டும். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு நண்பர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தவர், இரண்டு நாள் கழித்து ஊருக்கு வெளியே, புளியமரத்தடியில் கொட்டகை போட்டிருக்கும் வயதான மேஸ்திரி ஒருவரிடம் போனார். நானும் கூடப் போயிருந்தேன்.

மேஸ்திரி பானெட்டைத் திறப்பதற்கு முன் கால் மணி நேரம் கேள்வி கேட்டார். புகை கிளம்பும்போது வருகிறதா, ஏறும்போது வருகிறதா? ஆயில் குறைகிறதா? தண்ணீர் குறைகிறதா? எந்தப் பங்க்கில் டீசல் போடுகிறீர்கள்? ஏர் ஃபில்டர் மாற்றி எத்தனை நாள் ஆயிற்று? ஏறும்போது விசில் மாதிரி ஏதாவது சத்தம் கேட்கிறதா? கடைசிக் கேள்விக்கு நண்பர் சற்றுத் தயங்கி, “கேக்குது” என்றார். மேஸ்திரி டர்போவிலிருந்து போகும் ரப்பர் ஹோஸை விரலால் சுற்றிலும் தடவினார். அடியில் ஓரிடத்தில் எண்ணெய்க் கசிவு கையில் ஒட்டியது. டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு விரற்கடை நீளத்துக்கு வெடிப்பு. சும்மா நிற்கும்போது மூடியிருக்கும். காற்றின் அழுத்தம் கூடும்போது வாய் திறக்கும். கம்ப்யூட்டர், உள்ளே வந்த காற்றை வாசலில் அளந்துவிட்டு, அதற்குத் தக்கபடி டீசலை விடுகிறது. அளந்த காற்று பாதி வழியில் வெளியே போய்விடுவது அதற்குத் தெரியாது.

“இன்ஜெக்டர் மேல தப்பில்லை, சார். மூச்சு முட்டுது, அதான் இருமுது” என்றார் மேஸ்திரி.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க ஆசையாக இருக்கிறது, ஏனென்றால் கதை எழுதுகிறவனுக்கு இதுதான் தினசரி வேலை. இருமுகிறவனைப் பிடித்துத் தண்டிப்பது உலகத்துக்குச் சுலபம். வீட்டில் எரிந்து விழுகிற மருமகள், வகுப்பில் பின்தங்குகிற பையன், அலுவலகத்தில் தாமதமாக வருகிற குமாஸ்தா — புகை எங்கே தெரிகிறதோ அங்கேயே நெருப்பையும் தேடி, கிடைத்த ஆளின் தலையில் விலையை ஏற்றிவிடுகிறோம். வெடிப்பு வேறெங்கோ, கைக்கு எட்டாத அடிப்பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பெரிய ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஸ்கேனர் வலிக்கிற இடத்தைச் சொல்லிற்று. அவர்கள் அதையே நோய் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஹோஸை மாற்றியதும் மைலேஜ் 16-க்கு ஏறிவிட்டது. கறுப்பு பெருமளவு குறைந்தது, முற்றிலும் போகவில்லை. மேஸ்திரி மறுபடி வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, ஈ.ஜி.ஆர். வால்வு என்ற உறுப்பைக் கழற்றினார். வெல்லப்பாகில் கரித்தூளைக் குழைத்து அப்பியது போல உள்ளே அடைத்திருந்தது. வால்வு பாதி திறந்தபடியே சிக்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்டதும் பக்கத்தில் நின்ற உதவியாள் பையன் உற்சாகமாகச் சொன்னான்:

“சார், இதை மாத்தணும்னா விலை ஜாஸ்தி. ஒரு தகடு வெட்டி இந்த வழியையே அடைச்சுட்டாப் போதும். புகையும் வராது, மைலேஜும் ஏறும். டாக்ஸிக்காரங்க எல்லாம் அப்படித்தான் பண்ணிக்கிறாங்க.”

மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. நண்பர் என்னைப் பார்த்தார்.

இந்த வால்வு செய்கிற வேலை கேட்பதற்கு அசட்டுத்தனமாக இருக்கும். எரிந்து வெளியே போகும் வாயுவில் ஒரு பகுதியைத் திருப்பி எஞ்சினுக்குள்ளேயே விடுகிறது. யாராவது சாப்பிட்ட இலையை மறுபடி பந்தியில் போடுவார்களா? ஆனால் காரணம் இருக்கிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன். சாதாரணமாக அது யார் வழிக்கும் போகாத சாது. டீசல் எஞ்சினுக்குள் இருக்கும் கடும் சூட்டில் மட்டும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடுகளாக மாறுகிறது. அவை மூச்சுக் குழாயைப் புண்ணாக்கும். இழுப்பு நோய்க்காரர்களை வாட்டும். வெயிலில் வேறு வாயுக்களோடு கலந்து, தரை மட்டத்தில் ஓஸோனையும் உண்டாக்கும். எரிந்த வாயுவைக் கொஞ்சம் திருப்பி விட்டால் உள்ளே ஆக்ஸிஜன் குறைகிறது, சூடு தணிகிறது, இந்த விஷம் குறைகிறது. அதற்குப் பதிலாகக் கரி சற்றுக் கூடுகிறது. உள்ளே அழுக்கும் அடைகிறது. ஆகவே தகடு போட்டு அடைத்தால் பையன் சொன்னது அத்தனையும் நடக்கும். கறுப்புப் புகை குறையும். எஞ்சின் சுத்தமாக இருக்கும். மைலேஜ்கூட ஒரு துளி ஏறலாம். பின்னால் வருகிறவர் முன்னைவிட அதிக விஷத்தைச் சுவாசிப்பார்; அது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

ஹோஸ் வெடித்திருந்தபோது நண்பரின் நஷ்டமும் பிறருடைய நஷ்டமும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தன. ஒன்றைச் சரி செய்தால் மற்றொன்றும் சரியாகும். அங்கே நல்லவராக இருப்பதற்கு ஒரு செலவும் இல்லை, லாபம்தான். தகட்டில் அந்தக் கயிறு அறுந்துவிடுகிறது.

அன்று மாலை நண்பர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாதாடினார். தமக்குத் தாமே வாதாடிக்கொண்டார் என்பதுதான் சரி. “சர்க்காரே கேக்கலையே, நான் ஏன் கேக்கணும்?” என்றார் முதலில். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. நம் ஊரில் ஓடிக்கொண்டிருக்கும் டீசல் வண்டிக்குப் புகைச் சான்றிதழ் கொடுக்கும்போது, கியர் போடாமல் ஆக்ஸிலேட்டரைச் சில முறை முழுதும் மிதித்து, வருகிற புகைக்குள் வெளிச்சத்தைச் செலுத்தி, எத்தனை வெளிச்சம் தடைபடுகிறது என்று பார்க்கிறார்கள். பழைய வண்டிகளுக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு வரை மன்னிப்பு. கறுப்பாக இருக்கிறதா என்பதுதான் அந்தப் பரிசோதனையின் ஒரே கேள்வி. நைட்ரஜன் ஆக்ஸைடை அது அளப்பதே இல்லை. தகடு போட்ட வண்டி இன்னும் நல்ல மார்க் வாங்கித் தேறும்!

எனக்கு அப்போது, உலகம் முழுதும் பேசப்பட்ட ஒரு பெரிய தகடு ஞாபகத்துக்கு வந்தது. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக் கழகத்துச் சிறு குழு ஒன்று, சில டீசல் கார்களின் பின்புறத்தில் அளக்கும் கருவிகளை ஏற்றி, ரோட்டில் ஓட்டிப் பார்த்தது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில் வரைகூட ஒரு காரை ஓட்டிப் போனார்கள். அந்தக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம் என்று, நமக்குப் பழகிய ஒலியுள்ள ஒரு பெயரும் உண்டு. ஆராய்ச்சிக் கூடத்துச் சோதனையில் ஒழுங்காகத் தேறிய ஃபோக்ஸ்வாகன் கார்கள், ரோட்டில் நைட்ரஜன் ஆக்ஸைடைப் பல மடங்கு கக்கின. 2014-ல் அறிக்கை வெளிவந்தது. 2015 செப்டம்பர் 18-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் குட்டை உடைத்தது. ஸ்டியரிங் திரும்புகிறதா, எவ்வளவு வேகம், எத்தனை நேரமாக ஓடுகிறது, காற்றழுத்தம் என்ன என்பதையெல்லாம் வைத்து, ‘இப்போது என்னைச் சோதிக்கிறார்கள்’ என்று அந்தக் கார் தானே கண்டுகொள்ளும். கண்டுகொண்டால் சாதுவாக இருக்கும். ரோட்டுக்கு வந்ததும் அனுமதித்த அளவைப் போல 40 மடங்கு வரை கக்கும். உலகம் முழுதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இந்த ஏற்பாடு இருந்ததாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. 2017-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தையும் ஏற்றது.

என்னை உறுத்தியது மோசடியின் பருமன்கூட இல்லை. அந்தக் கார்களை ஓட்டிய லட்சக்கணக்கானவர்களில் யாருக்கும், தன் வண்டியில் ஏதோ கோளாறு என்று தோன்றியிருக்க வழியே இல்லை. மைலேஜ் நன்றாக இருந்தது. புகை கண்ணில் படவில்லை. எந்த மேஸ்திரியிடம் காட்டியிருந்தாலும் ‘வண்டி ஜோராக இருக்கிறது’ என்றுதான் சொல்லியிருப்பார்.

“நாலு பேர் என்ன சொல்லுவாங்க” என்று நம் வீடுகளில் ஒரு வாசகம் உண்டு. அந்த நாலு பேரைப் பழிப்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. நானே என் கதைகளில் பழித்திருக்கிறேன். ஆனால் அவர்கள் செய்த உபகாரமும் ஒன்று உண்டு. கறுப்புப் புகை விட்டுக்கொண்டு தெருவில் போனால் நாலு பேர் மூக்கைப் பொத்துவார்கள், திட்டுவார்கள்; கூச்சமாக இருக்கும்; கூச்சம் நம்மை ஒர்க்‌ஷாப்புக்கு விரட்டும். நிறமில்லாத கேட்டுக்கு நாலு பேர் இல்லை. அங்கே பார்க்கிறவர் ஒருவர்தான். அவரும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

நண்பரின் அடுத்த வாதம் எல்லோரும் சொல்வது. “ரோட்டுல ஆயிரம் லாரி போகுது. என் ஒரு வண்டியாலயா ஊர் கெடப் போகுது?” கெடாதுதான். கணக்கில் புலியான அவருக்கு நான் ஒரு கணக்கு வைத்தேன். அவர் வேலை பார்த்த வங்கியில் ஒரு குமாஸ்தா ஒவ்வொரு கணக்கிலிருந்தும் ஒரே ஒரு பைசா எடுத்துக்கொண்டிருந்தால் என்ன செய்திருப்பார்? எந்த வாடிக்கையாளருக்கும் ஒரு பைசா குறைந்தது தெரியப் போவதில்லை. அவர் சிரித்துவிட்டு, “சீட்டைக் கிழிச்சிருப்பேன்” என்றார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்தார். “ஆனா பைசாவுக்கு லெட்ஜர் இருக்கு. மூச்சுக்கு எங்க இருக்கு லெட்ஜர்?”

அவர் கேட்டது குதர்க்கம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்திவிட்டது. ஆனால் இன்னாருடைய நோய் இன்னாருடைய புகையால் வந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. கொலை என்றால் ஒரு முகம் வேண்டும், ஒரு கை வேண்டும் என்று நம் மனசாட்சி பழக்கப்பட்டிருக்கிறது. பத்தாயிரம் கைகள் ஆளுக்கு ஒரு துளி ஊற்றிய விஷத்துக்கு முன்னால் அது விழித்துக்கொண்டு நிற்கிறது. இதற்கு என்னிடம் தீர்ந்த விடை கிடையாது. இவ்வளவு மட்டும் எனக்குத் தெளிவாக இருக்கிறது: ஹோஸ் தானாக வெடித்தது, தகட்டை நாம் வெட்டி வைக்க வேண்டும். முன்னதில் நண்பர் அசட்டையாக இருந்தார் என்று சொல்லலாம். பின்னதில், தாம் செய்வது இன்னது என்று தெரிந்துகொண்டு, பணத்தை இந்தப் பக்கமும் மூச்சை அந்தப் பக்கமும் வைத்து நிறுத்து, தம் பக்கத்துத் தட்டை எடுத்துக்கொள்கிறார். யாரிடமிருந்து எடுத்தோம் என்பது தெரியாமல் போவதனால் எடுத்தது இல்லையென்று ஆகிவிடுமா?

நண்பர் புது வால்வு போட்டுக்கொண்டார். என் வாதத்தால் என்று நான் பெருமைப்பட முடியாது. பேரனுக்கு இழுப்பு உண்டு. அதுதான் காரணம் என்று அவர் மனைவி சொல்கிறார். நோட்டுப் புத்தகத்தில் இப்போது 17 என்று எழுதுகிறார். அந்த மீதி ஒரு கிலோமீட்டரைப் பற்றி வாரம் ஒரு முறை என்னிடம் புலம்புகிறார். வண்டிக்கும் வயசாகிறது என்று மேஸ்திரி சொன்ன சமாதானம் அவருக்குப் போதவில்லை.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் கதை நன்றாக முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் வண்டியை எடுக்கப் போன அன்று கொட்டகையில் இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார். சொந்தமாக ஒரே ஒரு டாக்ஸி வைத்து ஓட்டுகிறவர். தவணை பாக்கி இருக்கிறது. நாளைக்கு இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டுகிறார். அவருக்கு மைலேஜில் ஒரு கிலோமீட்டர் ஏறி இறங்குவது பெருமை சிறுமை விஷயம் இல்லை. அது ராத்திரி வீட்டுக்கு வாங்கிப் போகிற பால், காய்கறி. என் நண்பரிடம் திண்ணையில் உட்கார்ந்து பேசிய பேச்சை அவரிடம் பேச என் நாக்கு எழவில்லை. பென்ஷன் வாங்குகிறவருக்கு ஒரு நியாயம், பாடுபடுகிறவருக்கு ஒரு நியாயமா என்று கேட்டால், புகை இரண்டு வண்டியிலும் ஒன்றுதான். அவர் குழந்தையும் அதே ரோட்டோரமாகத்தான் பள்ளிக்கூடம் போகிறது. ஆனால் அவரைத் தகட்டின் பக்கம் தள்ளுகிறதில், வால்வுக்கு அந்த விலை வைத்தவர்களுக்கும், கறுப்பை மட்டும் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாட்டுக்கும், ஐந்து ரூபாய் குறைவாகக் கேட்கிற டாக்ஸியைத் தேடிப் பிடித்து ஏறுகிற நமக்கும் பங்கு இருக்கிறது. மேஸ்திரியைப் போல விரலால் தடவிக்கொண்டே போனால் வெடிப்பு எங்கெல்லாமோ தட்டுப்படுகிறது.

டாக்ஸிக்காரர் புது வால்வு என்ன விலை என்று கேட்டார். மேஸ்திரி சொன்னார். அவர் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அடுத்த மாசம் பாக்கலாம், மேஸ்திரி” என்றார். பையன் உள்ளே போய்த் தகடு வெட்டும் கத்திரியை எடுத்து வந்தான். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. வண்டி கிளம்பி ரோட்டில் ஏறியபோது நான் வேண்டுமென்றே பின்னால் போய் நின்று பார்த்தேன். கொஞ்சங்கூடப் புகை இல்லை.